வண்டிக்கு எதிரே வந்தவர்கள்

என் வயதுக்காரர்கள் நாலு பேர் கல்யாண வீட்டில் சேர்ந்துவிட்டால் போதும். முட்டி வலியில் ஆரம்பிப்போம். யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பல்செட் என்று ஒரு சுற்று சுற்றுவோம். கடைசியில் நம் பழைய ஊரில் வந்து நிற்போம். நிற்பதோடு சரி, ஆளுக்கொரு ஊரைச் சொல்வோம். போன தடவை கொப்பரைச் சூளை சாலைக்கு இடது பக்கமா வலது பக்கமா என்று இரண்டு பெரிய மனுஷிகள் மோதிக்கொண்டதில் பாயசம் ஆறிப்போனது. அதில் ஒரு மனுஷி நான். கடலைப் பார்த்து நின்றால் இடது, மலையைப் பார்த்து நின்றால் வலது. இரண்டு பேரும் சரி என்று சமாதானமாகி ஆறின பாயசத்தைக் குடித்தோம்.

உங்களில் பாதிப் பேருக்கு அந்த ஊர் ஞாபகம் இருக்கும். மீதிப் பேர் இருப்பது போல நடிப்பீர்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

ஊர் என்று சொன்னாலே டவுன்காரர்கள் சிரிப்பார்கள். பினாங்குத் தீவின் தெற்கு மூலையில், பாயான் லெப்பாசுக்குக் கொஞ்சம் இப்பால், மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு செம்மண் சாலை. அதன் இரண்டு ஓரத்திலும் ஒட்டிக்கொண்டிருந்ததுதான் ஊர். மலைப்பக்கம் கித்தா என்கிற ரப்பர் மரங்கள், கீழே தென்னந்தோட்டம், நடுவில் எங்கள் லயம், கூலிக்காரர்களின் வரிசை வீடுகள். லயத்தை விட்டு இறங்கினால் கிணறு. அப்புறம் வேதக்காரர்கள் குடியிருந்த சில வீடுகள், வாசலில் மரச்சிலுவையோடு. அப்புறம் நாங்கள் சண்டை போட்ட அந்தக் கொப்பரைச் சூளை, அதற்கு எதிரே தவுக்கே என்கிற சீன முதலாளியின் கடை. பிறகு ஓடை, மேலே மரப்பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரர்கள் குடியிருந்த கம்பம். கம்பத்தைத் தாண்டினால் டவுனுக்கும் துறைமுகத்துக்கும் போகிற பெரிய ரோடு.

கண்ணைக் கட்டி விட்டாலும் நான் வீடு போய்ச் சேர்ந்துவிடுவேன். மூக்குப் போதும். கித்தாப் பால் புளித்த நாற்றம் அடித்தால் மலைப்பக்கம். தேங்காய் கருகுகிற இனிப்புப் புகை வந்தால் சூளை. அங்கேதான் அப்பா தீயைப் பார்த்துக்கொண்டிருப்பார். மண்ணெண்ணெயும் கருவாடும் கலந்து வந்தால் தவுக்கே கடை. வெயிலில் காய்கிற இறால் விழுது, பிலாச்சான் வாடை வந்துவிட்டால் பாலத்தைத் தாண்டிவிட்டாய், திரும்பு என்று அர்த்தம். இப்போது அதே இடத்தில் தொழிற்சாலை பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. போன மாதம் போய் மூக்கை நீட்டி நின்றேன். டீசல் புகையைத் தவிர ஒன்றும் வரவில்லை. காவல்காரத் தம்பி என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, வேலைக்கா?" என்றான்.

மக்கள்தொகை என்று கேட்டால், எங்கள் ஊரில் ஆட்கள் என்பதைவிட வேலைகள்தான் இருந்தன. ஒரு கங்காணி, ஒரு நாவிதர், ஒரு வண்ணார், தப்படிக்க ஒருவர், கள்ளிறக்க ஒரு மரமேறி, பிள்ளை பெற வைக்க ஒரு மருத்துவச்சி. எதற்கும் இரண்டாவது ஆள் கிடையாது.

எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும்போது கித்தா விலை விழுந்தது. பின்னாலேயே கொப்பரை விலையும் விழுந்தது. எங்கிருந்து விழுந்தது, யார் தள்ளிவிட்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை. விழுந்த சத்தம் மட்டும் எங்கள் அடுப்பில் கேட்டது. சோறு கஞ்சியாகி, கஞ்சியும் கப்பிக் கஞ்சியாகி, கடைசியில் மரவள்ளிக்கிழங்காக மாறியது. வேலை இல்லாதவர்களைக் கடல் தாண்டிச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்புகிறார்கள், கப்பலுக்குச் செலவில்லை என்று கங்காணி வந்து சொன்னார். ஒவ்வொரு கப்பலுக்கும் ஊர் மெலிந்தது.

முதலில் நாவிதர் போனார். ஆண்கள் எல்லாரும் தாடியோடு முனிவர்கள் மாதிரி உலாவினார்கள். பிறகு வண்ணார் போனார், முனிவர்கள் அழுக்கு முனிவர்களானார்கள். தப்படிக்கிறவர் போன வாரம் லயத்தில் ஒரு கிழவர் செத்தார். சத்தமே இல்லாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். செத்தவருக்கே தான் செத்தது தெரிந்திருக்காது. நாங்கள் பிள்ளைகள் இதற்கெல்லாம் சிரித்தோம். அப்புறம் ஒரு சாயங்காலம், அடுத்த கப்பலில் மரமேறி போகிறார் என்று சேதி வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. மரமேறியின் பெண்டாட்டிதான் மருத்துவச்சி. என் அம்மாவுக்கு அது மாதம் நெருங்குகிற சமயம்.

அம்மாவுக்கு எனக்குப் பிறகு பிறந்தது எதுவும் தங்கவில்லை. கடைசிப் பிள்ளை குறுக்கே கிடந்து, அம்மாவின் உயிரே போய்த் திரும்பி வந்தது. திருப்பிக் கொண்டுவந்தது மருத்துவச்சியின் கை. இந்தப் பிள்ளையும் குறுக்கேதான் கிடக்கிறது, கடைசி வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவித் திருப்ப வேண்டும் என்று அவள் வயிற்றில் கை வைத்துச் சொல்லியிருந்தாள். டவுன் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் குலுங்கிப் போனால் போய்ச் சேரமாட்டோம் என்று அம்மா அழுதாள். பாலத்துக்கு அந்தப் பக்கம், கம்பத்தில், கூப்பிடு தூரத்தில், மலாய்க்காரர்களின் பிள்ளைகளையெல்லாம் எடுத்துப்போட்ட ஒரு பீடான் கிழவி இருந்தாள். தினமும் எங்களைப் பார்த்துச் சிரிப்பாள். அவளைக் கூப்பிடலாம் என்று எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு எழுதும்போதுதான் எனக்கே தோன்றுகிறது, பாருங்கள்.

அப்பா மரமேறியிடம் போய்க் கெஞ்சினார். நானும் கூட நின்றேன்.

"அண்ணே, இந்தக் கப்பல விட்டுட்டு அடுத்ததுல போங்கண்ணே. பிள்ள பொறக்கற வரைக்கும்."

"அடுத்த கப்பல்ல எடம் குடுப்பானா? கள்ளு எறக்க வேணாம்னு தொர சொல்லிட்டாரு. வூட்ல அரிசி இல்ல. உன் பொண்டாட்டி புள்ள பெக்கறதுக்கு என் பொண்டாட்டி பட்டினி கெடக்கணுமா?"

"எங்க வூட்ல பொங்கறதுல பாதி தர்றேன்."

"நீ பொங்கறதே பாதிதானே தம்பி."

அது உண்மை. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் கங்காணியின் பெண்டாட்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். கங்காணியம்மா என்போம். ஊரில் நல்லது கெட்டது எதற்கும் திட்டம் போடுகிறவர் அவர்தான். வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்:

"கெஞ்சினா நிக்க மாட்டான். சகுனம் பாத்தா நிப்பான். பூன குறுக்க போனாக்கூட அன்னிக்கி மரம் ஏறாத ஆளு. அவ்வளவு ஒசரத்துல தொங்கற பொழப்பு, பயம் இருக்கும்ல? காலைல வண்டி கெளம்பறப்ப வழி பூரா நாம நிப்போம். ஏதாச்சும் ஒண்ணு தட்டாமப் போகுமா?"

அங்கேயே காரியத்தைப் பங்கு போட்டார்கள். கிணற்றடியில் கங்காணியம்மா காலிக் குடத்தோடு எதிரே வருவார். வேதக்கார வீட்டு வாசலில் பூனை. அந்த வீட்டு அக்காவிடம் நான்தான் போய்க் கேட்டேன். "எங்களுக்கு இந்தச் சகுனத்துல எல்லாம் நம்பிக்க இல்லலா, பாவம் அது" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கறுப்புப் பூனையே இருக்கு, எடுத்துக்கோ" என்றாள். சூளைக்குப் பக்கத்தில் நான். வேலை, தும்முவது. கங்காணியம்மா ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை வாழைச்சருகில் மடித்து என் கையில் வைத்தார். இந்த வயதுவரை எனக்குக் கிடைத்த ஒரே பெரிய பொறுப்பு அதுதான்.

"இதெல்லாம் தப்பினாலும் பாலத்துல ஒண்ணு தப்பாது" என்று சொல்லிவிட்டுக் கங்காணியம்மா அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே அத்தை கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணமான சூட்டோடு புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, தம்பியோடு கப்பலேறி வந்தவள். வெள்ளைச் சேலை, தேங்காய் நார் உரித்து உரித்துக் காய்ப்பேறின கை. என்னைச் சிரிக்க வைத்தது ஊரிலேயே அவள் ஒருத்திதான். லயத்தில் யாராவது பயணம் கிளம்புகிற காலையில் அவளாகவே அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிட்டால் கை கழுவுவது மாதிரி அதுவும் ஒரு பழக்கம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கங்காணியம்மா சுற்றி வளைத்துக் கேட்டார். அத்தை கிழங்கைக் கீழே வைக்காமல் பதில் சொன்னாள்.

"நான் எதிர வந்தா நல்லது கெட்டுப்போகும்னு உள்ள வச்சீங்க. இப்ப கெட்டது நல்லதாகணும்னு வெளிய கூப்புடறீங்க. ஒரு மொடிவு பண்ணிச் சொல்லுங்க, நான் எந்தப் பக்கம் நிக்கிறது?"

"கோச்சுக்காத தாயி. தம்பி பொண்டாட்டி உசுரு."

"அண்ணி, நீங்க வர வேணாம்" என்றாள் அம்மா, பாயில் படுத்தபடியே. "எனக்காக அங்க போயி நிக்காதீங்க." அப்பா விளக்குக் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்த இடத்தையே துடைத்தார்.

"நான் வரல" என்றாள் அத்தை. கங்காணியம்மா எழுந்து போய்விட்டார்.

விடிகிற நேரத்தில் வண்டி கிளம்பியது. முன்னால் வண்டிக்காரர், பக்கத்தில் மரமேறி, உள்ளே மூட்டையைக் கட்டிக்கொண்டு மருத்துவச்சி. நான் சூளையடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் தெரிந்தது.

கிணற்றடியிலிருந்து கங்காணியம்மா குடத்தோடு கம்பீரமாக வந்தார். நடையும் முகமும் அபசகுனமாகவே இருந்தன. ஆனால் காலையில் கிணற்றடிக்குப் போனால் கை சும்மா இருக்குமா? பழக்கத்தில் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்திருந்தார்! தண்ணீர் தளும்பிச் சேலையெல்லாம் நனைந்தது. மரமேறி கையெடுத்துக் கும்பிட்டார். "நெறகொடம்! அம்மா மகராசியா இருக்கணும்!" கங்காணியம்மாவின் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் புரையேறும்.

அடுத்தது பூனை. வேதக்கார அக்கா வாசலிலிருந்து தள்ளிவிட்டாள். அது சாலை நடுவில் போய் உட்கார்ந்து கால் நக்க ஆரம்பித்தது. வண்டி நின்றது. மரமேறி குனிந்து பார்த்தார்.

"போச்சா அது?"

"போகல, ஒக்காந்திருக்கு" என்றார் வண்டிக்காரர்.

"குறுக்க போனாத்தான் கணக்கு. ஒக்காந்ததுக்குக் கணக்கு இல்ல. சுத்திப் போ."

அடுத்தது நான். பொடியை அப்படியே மூக்கில் திணித்தேன். வண்டி கிட்டே வந்தது. மாட்டின் மூச்சு தெரிந்தது. தும்மினேன். ஒரு தும்மலோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். பொடி அதிகம். மறுபடியும் வந்தது.

"ரெட்டத் தும்மல்!" என்று மரமேறி தொடையில் தட்டினார். "ஒத்தன்னா கெட்டது, ரெட்டன்னா காரியம் பலிக்கும். நல்லா இரு பாப்பா!"

சூளை வாசலில் அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. வண்டிக்குப் பின்னால் அப்பா நடக்க, நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன். எதற்கு நடந்தோம் என்று தெரியாது. தவுக்கே கடையைத் தாண்டி ஓடை தெரிந்தது.

பாலத்தின் நடுவில் அத்தை நின்றுகொண்டிருந்தாள்.

தலை குளித்து, துவைத்த வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். ஒளியவில்லை, ஒதுங்கவில்லை. வண்டிக்காரர் கயிற்றை இழுத்தார். மாடுகள் நின்றன. மரமேறியின் வாய் திறந்தபடியே இருந்தது.

மருத்துவச்சி பின்பக்கமாக இறங்கி வந்தாள். "என்னாடி, நீயா வெளிய வந்திருக்க?"

"வழியனுப்ப வந்தேன்."

"இத்தன வருசத்துல நீ யாரையும் வழியனுப்ப வந்ததில்லயே."

"யாரும் கூப்புட்டதில்ல."

மருத்துவச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார்கள். "அவ பொழைக்கணும்டி" என்று அத்தை சொன்னது என் காதில் விழுந்தது. மருத்துவச்சி புருஷனைத் திரும்பிப் பார்த்து, "நான் இந்தக் கப்பல்ல வரல" என்றாள். அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். மரமேறி அதற்குள் மூட்டையை இறக்கிவிட்டிருந்தார்.

"கடல் பயணம்" என்றார். "நடுக்கடல்ல ஏதாச்சும் ஆனா யாரு தூக்குவா? திருப்பு வண்டிய."

பிறகு நடந்தது சுருக்கம். எங்கள் வீட்டுக் கிழங்கை இரண்டு வீடும் தின்றோம். மருத்துவச்சி தினமும் வந்து எண்ணெய் தடவி வயிற்றைத் திருப்பினாள். தம்பி பிறந்தான். அம்மா பிழைத்தாள். அவன் இப்போது வழுக்கைத் தலையோடு, பிறந்ததற்கு யாருக்கும் நன்றி சொல்லாமல் நன்றாக இருக்கிறான். பிரசவத்தின்போது அத்தை அடுப்படியில் வெந்நீர் போட்டாள். அறைக்குள் அவளை விடவில்லை. பிள்ளை பிறக்கிற இடத்தில் அவள் முகம் முதலில் படக்கூடாதாம். அவள் நிறுத்தி வைத்த மருத்துவச்சியின் கை அந்த அறைக்குள் இருந்தது, அவள் கதவுக்கு வெளியே இருந்தாள். இதை யாரும் விநோதமாக நினைக்கவில்லை. நானும்தான்.

ஆனால் ஊர் ஒன்றைப் பார்த்துவிட்டது. குடத்துக்குத் திரும்பாத வண்டி, பூனைக்கும் தும்மலுக்கும் திரும்பாத வண்டி, அத்தைக்குத் திரும்பியது. அதுவரை அவளை ஒதுக்கினது ஒரு வழக்கம். இப்போது அதற்குக் கண்கண்ட சாட்சி கிடைத்துவிட்டது. "கைமேல பலிச்சுதே!" என்று கங்காணியம்மாவே வாய்விட்டுச் சொன்னார், பாராட்டு மாதிரி.

அடுத்த கப்பல் நெருங்கியபோது ஒரு தாய் எங்கள் வாசலுக்கு வந்தாள். "அக்கா, என் மவன் நாளைக்குக் கெளம்பறான். என்ன விட்டுட்டுப் போறான். கொஞ்ச நேரம் பாலத்துல வந்து நின்னுட்டுப் போங்கக்கா." அவள் போன கையோடு அந்த மகனே வந்தான், வெற்றிலைபாக்கோடு. "அத்த, நாளைக்கு மட்டும் வெளிய வராதீங்க. உங்க கால்ல விழறேன்." விழவும் செய்தான், எட்டி நின்றபடி.

"எம்புட்டு மரியாத பாத்தியா" என்றாள் அத்தை என்னிடம். "தொரைக்குக்கூட இவ்வளவு பயப்பட மாட்டானுங்க." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதைக் கவனிக்க எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

ஓடையில் அவள் துணி துவைக்க இறங்கினால் மற்றவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டார்கள். என்னோடு விளையாடின பிள்ளைகள் அவளைக் கண்டால் மரத்துக்குப் பின்னால் ஓடி ஒளிந்தார்கள். கங்காணி அப்பாவைக் கூப்பிட்டு, கப்பல் கிளம்புகிற நாளில் அக்காவை வெளியே விடாதே, ஏதாவது ஆனால் நீ பதில் சொல்ல வேண்டிவரும் என்றார். அப்பாவுக்கு வேலை போய்விடுமோ என்று பயம். ஒரு விடியற்காலையில் அடுப்படிக் கதவுக்கு வெளிப்பக்கம் கயிறு கட்டினார். சத்தம் போடாமல்தான் கட்டினார். உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது:

"இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுடா தம்பி. மாடு அவுத்துக்கிட்டுப் போயிரும்."

அப்பா முடிச்சைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். அவிழ்க்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை. என் அப்பா கெட்டவர் இல்லை. இதை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வரியை அடித்துவிட மனம் வரவில்லை, இருக்கட்டும்.

மரமேறிக்கு மறுபடி கப்பலில் இடம் கிடைத்தபோது, அத்தையும் கூடப் போகிறேன் என்றாள். அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

"அங்க உங்களுக்கு யாரு இருக்கா அண்ணி?"

"யாருமில்ல. என்னக் கண்டு பயப்படவும் யாருமில்ல."

"இங்க நாங்க இருக்கோம்ல?"

அத்தை கதவுக் கொக்கியில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த கயிற்றைப் பார்த்தாள்.

மரமேறி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அபசகுனத்தோடு எப்படிப் பயணம் போவது? "அவ வரலேன்னா நானும் வரல" என்றாள் மருத்துவச்சி. அவர் லயத்து வாசலில் உட்கார்ந்து ஒரு சாயங்காலம் பூராவும் யோசித்து, கடைசியில் தலையாட்டினார். அத்தை போன பிறகு எங்களுக்கு ஒரு சேதியும் வரவில்லை. கப்பல் போய்ச் சேர்ந்ததா என்பதுகூடத் தெரியாது. தெரிந்தது அந்தக் காலை மட்டும்தான்.

ஊரே ரோட்டுக்கு வந்திருந்தது. ஒளிய வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கங்காணியம்மா ஞாபகமாக நிறைகுடத்தோடு நின்றார். பூனையை வேதக்கார அக்கா மடியில் பிடித்து வைத்திருந்தாள். அப்பா சூளையை விட்டு வெளியே வரவில்லை. நான் வண்டியின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். உள்ளே அத்தையும் மருத்துவச்சியும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். வண்டிக்காரருக்குப் பக்கத்தில் மரமேறி, கழுத்தை நீட்டி வழியையே பார்த்துக்கொண்டு வந்தார். தவுக்கே கடை போயிற்று, ஓடை வந்தது, பாலம் வெறுமையாகக் கிடந்தது. அவர் நெஞ்சில் கை வைத்துப் பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"இன்னிக்கி வழி சுத்தமா இருக்கு" என்றார், சந்தோஷமாக. "ஒரு அபசகுனமும் எதிர வரல."

"எப்படி வரும்?" என்றாள் அத்தை, அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து. "நான்தான் உள்ள ஒக்காந்திருக்கேன்ல."

மருத்துவச்சி சிரித்தாள். மரமேறியும் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே பின்கட்டையிலிருந்து கையை எடுத்தேன்.